உள்ளூர் வரலாற்றுக்கு நூலகத்தில் ஓர் அலமாரி வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

நான் கடலூர் புதுப்பாளையத்தில் வசிக்கிறேன். அரசுப் பள்ளிகளில் வரலாற்று ஆசிரியையாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். சமீபத்தில் எங்கள் பகுதிப் பள்ளி மாணவர்களுக்கு ‘எங்கள் ஊரின் வரலாறு’ என்ற தலைப்பில் கட்டுரைப் போட்டி நடந்தது. திருத்துவதற்கு என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். கட்டுரைகளைப் படித்து முடித்த கையோடு இந்தக் கடிதத்தை எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான். முடிந்த அளவு வெட்டாமல் வெளியிட வேண்டுகிறேன்.

கட்டுரைகளில் பெரும்பாலானவை ஒரே மாதிரி இருந்தன. பிள்ளைகள் வெவ்வேறு பள்ளி, வெவ்வேறு ஊர். ஆனால் வாக்கியங்கள் ஒன்றே. கைப்பேசியில் முதலில் வந்ததை அப்படியே எழுதியிருக்கிறார்கள். தவறும் அப்படியே வந்திருக்கிறது. தேவனாம்பட்டினத்தில் இருந்த செயின்ட் டேவிட் கோட்டையை ராபர்ட் கிளைவ் கட்டினார் என்று ஒருவர் பின் ஒருவராக எழுதியிருந்தார்கள். ஆங்கிலேயர்கள் அந்தக் கோட்டையை மராட்டியர்களிடமிருந்து விலைக்கு வாங்கியது 1690இல். கிளைவ் பிறந்ததே 1725இல். 1746இல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்தபோது அங்கிருந்து தப்பி இந்தக் கோட்டைக்கு வந்து சேர்ந்தவர் அவர். 1756இல் இதே கோட்டைக்குத் துணை ஆளுநராக வந்தார். இரண்டு வருடங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருந்தாலே தவறு தெரிந்திருக்கும். அப்படிப் பார்க்க வேண்டும் என்று அந்தப் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அந்தக் கட்டில் ஒரு கட்டுரை மட்டும் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. எழுதியவள் குண்டு உப்பலவாடியைச் சேர்ந்த பதினொன்றாம் வகுப்பு மாணவி. பீரங்கிக் குண்டு வந்து விழுந்ததால்தான் ஊர்ப்பெயரில் குண்டு சேர்ந்தது என்று அவளுடைய தாத்தா சொல்லியிருக்கிறார். கதையாகத்தான் கேட்டிருக்கிறாள். சரி, இதற்கு ஆதாரம் உண்டா என்று தேடிக்கொண்டு ஒரு நூலகத்துக்குப் போயிருக்கிறாள். அங்கிருந்த நூலகர், “கடலூர் மாவட்டம்னு தேடினா கிடைக்காதும்மா, தென்னாற்காடுன்னு தேடு” என்று சொல்லி, டபிள்யூ. பிரான்சிஸ் தொகுத்து 1906இல் வெளிவந்த தென்னாற்காடு மாவட்ட கெசட்டியரை, அதாவது மாவட்டத்தைப் பற்றி அரசு வெளியிட்ட விவர நூலை, எடுத்துக் கொடுத்திருக்கிறார்.

அந்த ஒரு வார்த்தைக்காகவே அந்த நூலகரை நான் கையெடுத்துக் கும்பிடுவேன். கடலூர் தனி மாவட்டமானது 1993இல்தான். அதற்கு முந்தைய நூலோ அரசு ஆவணமோ எதுவானாலும் தென்னாற்காட்டின் கீழ்தான் இருக்கும். அதுபோலவே, ஆங்கிலேயரின் பழைய ஆவணங்களில் தேவனாம்பட்டினத்தைத் தேடுபவர் ‘தெக்னாபட்டம்’ என்று தேட வேண்டும். பிரெஞ்சு ஆவணங்களில் கடலூர் ‘கூதலூர்’, வில்லியனூர் ‘வில்நூர்’. இதெல்லாம் ஒரு பிள்ளைக்குத் தானாகத் தெரியாது. தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருந்து சொல்ல வேண்டும்.

சரி, அந்தப் பெண் கண்டுபிடித்தது என்ன? கோட்டையை விற்றபோது, அதைச் சுற்றிப் பீரங்கிக் குண்டு எட்டும் தூரம் வரை உள்ள நிலமும் சேர்த்தே விலை பேசப்பட்டது. ஆங்கிலேயர்கள் நெடுந்தூரம் சுடக்கூடிய பீரங்கி ஒன்றைக் கொண்டுவந்து, 1690 செப்டம்பரில் பல திசைகளிலும் சுட்டார்கள். குண்டு விழுந்த இடம் வரை உள்ள கிராமங்கள் அவர்களுக்குச் சொந்தமாயின. கடலூரும் அப்படித்தான் அவர்கள் கைக்குப் போனது. அந்தக் கிராமங்களைக் குண்டு கிராமங்கள் என்று சொல்லும் வழக்கம் இருப்பதையும் கெசட்டியர் குறித்திருக்கிறது. தாத்தா சொன்னதை ஒரு பத்தியிலும், நூலில் இருந்ததைப் பக்க எண்ணோடு அடுத்த பத்தியிலும் எழுதி, இரண்டும் எங்கே ஒத்துப்போகின்றன, எங்கே வேறுபடுகின்றன என்று அவளே சொல்லியிருந்தாள். கல்லூரியில்கூட இதை எல்லோரும் செய்வதில்லை. அவளுக்கு முதல் பரிசு கொடுக்கச் சொன்னேன்.

வேறொரு ஊர் மாணவர்கள் இரண்டு பேர் இன்னொரு நூலகத்துக்குப் போயிருக்கிறார்கள். எந்த நூலகம் என்று இங்கே எழுத விரும்பவில்லை. குறிப்புதவி நூல்கள் இருக்கும் அலமாரி பூட்டியிருந்தது, சாவி வைத்திருப்பவர் வரவில்லை என்று பதில். “போட்டித் தேர்வுக்குன்னா அந்தப் பக்கம் போய் உட்காருங்க, இதெல்லாம் உங்களுக்கு எதுக்கு?” என்றும் ஒருவர் கேட்டிருக்கிறார். இதை அந்தப் பையன்கள் தங்கள் கட்டுரையின் கடைசியில் பென்சிலால் எழுதி வைத்திருந்தார்கள். படித்தபோது மனது மிகவும் கஷ்டப்பட்டது. போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கு நூலகம் தரும் இடத்தையும் வெளிச்சத்தையும் நான் மனதார வரவேற்கிறேன். என் பழைய மாணவர்கள் பலர் அந்த மேஜைகளில் உட்கார்ந்து படித்துத்தான் வேலைக்குப் போனார்கள். ஆனால் நூலகம் முழுவதும் வினா விடைப் புத்தகமாகிவிட்டால், ஊரைப் பற்றிக் கேள்வி கேட்கும் பிள்ளை எங்கே போகும்?

சுதந்திரம் வந்த அடுத்த வருடமே, 1948இல், சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் கொண்டுவந்தார்கள். சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். அரங்கநாதன் அதற்காக எவ்வளவு பாடுபட்டார் என்பதை நூலகத் துறையில் இருப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அன்றிலிருந்து வீட்டு வரியோடு சேர்த்து நூலக வரியும் கட்டி வருகிறோம். பூட்டிய அலமாரிக்காகக் கட்டவில்லை.

கைப்பேசி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 1878இல் கார்ஸ்டின் எழுதிய தென்னாற்காடு மாவட்டக் கையேட்டை நானே கைப்பேசியில்தான் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் படித்தேன். தமிழ் இணையக் கல்விக் கழகத்தின் மின்னூலகத்தில் எத்தனையோ பழைய தமிழ் நூல்கள் பக்கம் பக்கமாக இருக்கின்றன. பிரான்ஸ் தேசிய நூலகத்தின் காலிகா தளத்தில் புதுச்சேரி பற்றிய பழைய பிரெஞ்சு நூல்களும் வரைபடங்களும் இலவசமாகவே கிடைக்கின்றன. ஆனால் நூலின் பெயர் தெரிந்தால்தானே தேட முடியும்? அதற்குத்தான் நூலகமும் நூலகரும் வேண்டும். நல்ல நூல் ஒன்று கையில் கிடைத்துவிட்டால் அதன் அடிக்குறிப்புகளைப் பிடித்துக்கொண்டே அடுத்த நூலுக்குப் போகலாம். பின்பக்கச் சொல்லடைவில் தன் ஊர்ப்பெயரைத் தேடிப் பார்க்கலாம். பட்டியலில் இல்லாத நூல், நூலகத்துக்கு வந்த நூல்களை வரிசையாக எழுதி வைக்கும் சேர்க்கைப் பதிவேட்டில் இருக்கலாம். இவ்வளவையும் சொல்லிக் கொடுக்க ஒரு மத்தியான நேரம் போதும்.

ஒரே நிகழ்ச்சியை இரண்டு மூன்று பக்கத்திலிருந்து பார்க்கும் வசதி நம் பகுதிக்கு இருப்பது போல எல்லா ஊருக்கும் கிடையாது. 1748 ஜூன் மாதம் ஓர் இரவில் புதுச்சேரியின் பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்சின் படை கடலூரைப் பிடிக்க வந்தது. ஆங்கிலேயப் படைத்தலைவர் லாரன்ஸ், பீரங்கிகளையும் ஆட்களையும் பகலில் எல்லோரும் பார்க்கும்படி தேவனாம்பட்டினம் கோட்டைக்கு அனுப்பிவிட்டு, இருட்டியதும் ரகசியமாகத் திரும்பக் கொண்டுவந்து நிறுத்திவிட்டார். ஊர் காலியாக இருக்கிறது என்று நம்பி வந்தவர்கள் அடி வாங்கித் திரும்பினார்கள். இந்தக் காலத்துக்கு ஆங்கிலேயரின் கோட்டை ஆவணங்கள் இருக்கின்றன. அவை அச்சாகியும் இருக்கின்றன. பிரெஞ்சுக்காரர்களின் கடிதங்கள் இருக்கின்றன. இரண்டுக்கும் நடுவில், துய்ப்ளேக்சின் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராகவும் தரகராகவும், இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரையிலான காலத்துக்குத் தமிழில் எழுதி வைத்த நாட்குறிப்பு இருக்கிறது. சந்தை விலை, கப்பல் வரவு, ஊர்ப்பேச்சு, துய்ப்ளேக்சின் மனைவியோடு அவருக்கிருந்த பகை என எல்லாம் அதில் உண்டு. ஆங்கில மொழிபெயர்ப்பு 1904 முதல் 1928 வரை 12 தொகுதிகளாக வந்தது. நம் தெருக்களில் நடந்ததை நம் மொழியிலேயே ஒருவர் அன்றன்றைக்கு எழுதி வைத்திருக்கிறார். கடலூரில் பன்னிரண்டு வருடம் படித்து முடித்து வெளியே போகும் ஒரு பிள்ளை அந்த நாட்குறிப்பின் ஒரு பக்கத்தைக்கூடக் கண்ணால் பார்க்காமல் போகிறது என்பதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

மூன்றையும் சேர்த்துப் படிக்க உட்கார்ந்தால் முதலில் குழப்புவது தேதி. இதைச் சற்று விளக்கமாகவே எழுதுகிறேன், ஆராய்ச்சி மாணவர்களே இதில் தடுமாறுவதைப் பார்த்திருக்கிறேன். 1752 செப்டம்பர் வரை ஆங்கிலேயர்கள் பழைய நாட்காட்டியை வைத்திருந்தார்கள். பிரெஞ்சுக்காரர்கள் அதற்கு வெகுகாலம் முன்பே புதியதற்கு மாறிவிட்டார்கள். 18ஆம் நூற்றாண்டில் இரண்டுக்கும் 11 நாள் வித்தியாசம். கடலூரில் இருந்த ஆங்கிலேயர் ஜூன் 17 என்று எழுதிய அதே நாளில், புதுச்சேரியில் இருந்த பிரெஞ்சுக்காரர் ஜூன் 28 என்று எழுதினார். நடுவில் சில மணி நேர நடைதூரம்தான்! அதோடு, ஆங்கிலேயருக்கு அப்போது புது வருடம் பிறந்தது மார்ச் 25இல். ஆகவே 1747 பிப்ரவரி என்று அவர்கள் எழுதியிருந்தால் நம் கணக்கில் அது 1748 பிப்ரவரியாக இருக்கக்கூடும். ஆனந்தரங்கப் பிள்ளை ஐரோப்பியத் தேதியோடு தமிழ் வருடம், மாதத்தையும் சேர்த்து எழுதியிருக்கிறார். 1748 சித்திரையில் பிறந்தது விபவ வருடம். இதே விபவ 1808இலும் வரும், 1868இலும் வரும். தமிழ் வருடத்தின் பெயர் மட்டும் உள்ள ஓர் ஓலையோ பத்திரமோ கிடைத்தால், எந்த அறுபதில் அது வருகிறது என்பதை வேறு சான்று கொண்டுதான் முடிவு செய்ய வேண்டும். பஞ்சாங்க ஒப்பீட்டு அட்டவணை நூல் ஒன்று குறிப்புதவிப் பகுதியில் இருந்துவிட்டால் எத்தனையோ பேருக்கு உதவும்.

எல்லையைத் தாண்டிப் புதுச்சேரிக்குப் போனால் இன்னும் நிறைய இருக்கிறது. 1827இல் தொடங்கி இப்போது ரோமன் ரோலண்ட் பெயரில் இருக்கும் பொது நூலகம், 1955இல் தொடங்கிய பிரெஞ்சு நிறுவனத்தின் நூலகம், துய்மா வீதியில் கீழ்த்திசை ஆய்வுப் பள்ளி, லாஸ்பேட்டையில் தேசிய ஆவணக் காப்பகத்தின் ஆவண மையம். பிரெஞ்சு நிறுவனத்தில் இருக்கும் சைவச் சுவடிகளை யுனெஸ்கோ 2005இல் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. கடலூரிலிருந்து பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். ஆனாலும் அங்கே என்ன இருக்கிறது என்று கடலூரில் கேட்டால் சொல்ல ஆள் இல்லை. இங்கே இருப்பது அங்கே தெரியாது. நடுவில் மாநில எல்லை வந்தால் என்ன, வரலாறு ஒன்றுதானே? இரண்டு பக்க நூலகங்களும் தங்களிடம் உள்ள உள்ளூர் வரலாற்று நூல்களின் பட்டியலையாவது ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொள்ளலாம். இதற்குப் பெரிய செலவு எதுவும் கிடையாது.

பழைய நூலே போதும் என்று நினைப்பதும் சரியில்லை. புதுச்சேரிக்கு அருகே பழங்காலத் துறைமுகம் இருந்த அரிக்கமேட்டில் மார்ட்டிமர் வீலர் 1945இல் அகழாய்வு செய்து மறுவருடமே அறிக்கை வெளியிட்டார். அதையே கடைசி வார்த்தையாக இன்றும் பல கட்டுரைகளில் எழுதுகிறார்கள். 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி அங்கே மீண்டும் தோண்டிப் பார்த்து, ஊரின் காலத்தையும் ரோம வணிகத்துக்கு அதில் இருந்த பங்கையும் வேறு விதமாக மதிப்பிட்டார். இரண்டு அறிக்கையும் ஒரே அலமாரியில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் போதும், வரலாறு எப்படித் திருத்தி எழுதப்படுகிறது என்பதைப் பிள்ளைகள் தாங்களே புரிந்துகொள்வார்கள்.

இனி நான் மிகவும் வற்புறுத்திச் சொல்ல நினைப்பது, எந்த நூலகமும் இதுவரை பெரிதாகச் சேர்க்காத காகிதங்களைப் பற்றி. கும்பாபிஷேக மலர், பள்ளி நூற்றாண்டு மலர், நெசவாளர் கூட்டுறவுச் சங்க ஆண்டறிக்கை, நாடக நோட்டீஸ், தேர்தல் துண்டறிக்கை, கல்யாணப் பத்திரிகை, மீனவர் பஞ்சாயத்துத் தீர்மான நோட்டு. ஒரு கும்பாபிஷேக மலரில் நன்கொடையாளர் பட்டியலைப் பாருங்கள். அந்தக் காலத்தில் ஊரில் யார் என்ன தொழில் செய்தார்கள், எந்தெந்தக் கடை இருந்தது, பிழைக்கப் போனவர்கள் ரங்கூனில் இருந்தார்களா, சைகோனில் இருந்தார்களா, எல்லாம் தெரிந்துவிடும். கெசட்டியர் எழுதிய வெள்ளைக்கார அதிகாரி பார்க்காததெல்லாம் இவற்றில்தான் இருக்கிறது. பெண்களைப் பற்றித் தேடுகிறவர்களுக்கு இவை இன்னும் முக்கியம். சென்னையில் இருந்த ஆங்கிலேயத் தளபதி நீலின் சிலையை அகற்றக் கோரிய நீல் சிலைப் போராட்டத்தில் 1927இல் சிறை சென்ற அஞ்சலை அம்மாள் நம் முதுநகரில் பிறந்தவர். அவரைப் பற்றி எழுத வந்த மாணவிகள் எல்லோரும் அதே பத்து வரியோடு நின்றுவிட்டார்கள். அதற்கு மேல் அறிய வேண்டுமானால் அன்றைய பத்திரிகைகளும், துண்டறிக்கைகளும், வீடுகளில் இருக்கும் கடிதங்களும்தான் வழி.

அந்தக் காகிதங்கள் நம் ஊரில் நிலைப்பதில்லை. 2004இல் சுனாமி வந்தது. 2011 டிசம்பரில் தானே புயல், 2015இல் வெள்ளம், 2024இல் ஃபெஞ்சல் புயலும் தென்பெண்ணை வெள்ளமும். ஒவ்வொரு முறையும் வீடுகளில் டிரங்குப் பெட்டியில் இருந்த பத்திரமும் போட்டோவும் நனைந்து ஒட்டி, கடைசியில் குப்பைக்குப் போனதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். தானே புயலில் என் பக்கத்து வீட்டு அம்மாவின் மாமனார் எழுதி வைத்திருந்த கணக்கு நோட்டுகள் அப்படித்தான் போயின. வெல்ல மண்டிக் கணக்கு, பல வருடத்துக்கானது. அதை இனி எங்கே தேடுவது? வீட்டில் இருப்பதை நூலகத்துக்குக் கொடுத்துவிடுங்கள் என்று கேட்டால் யாரும் கொடுக்கமாட்டார்கள், எனக்கும் தெரியும். ஆனால் கொண்டுவந்தால் படம் எடுத்துக்கொண்டு அங்கேயே திருப்பிக் கொடுப்போம் என்று சொன்னால் கொடுப்பார்கள். மாவட்ட நூலகத்தில் ஒரு ஸ்கேனர், அதை இயக்கத் தெரிந்த ஒருவர், யாருடைய காகிதம், எந்த ஊர், என்ன தேதி என்று எழுதி வைக்க ஒரு பதிவேடு. மழைக்காலம் தொடங்குவதற்குள் இதைச் செய்ய முடியும்.

பழைய நாளிதழ்களை எடைக்குப் போடுவதையும் நிறுத்த வேண்டும். சென்னை கன்னிமாராவிலும் பெரிய நூலகங்களிலும் நாளிதழ்கள் பாதுகாக்கப்படுகின்றன என்பது உண்மைதான். ஆனால் உள்ளூர்ப் பக்கம் பதிப்புக்குப் பதிப்பு மாறும். சென்னைப் பதிப்பில் கடலூர் மீன் ஏலச் செய்தியும் பண்ருட்டிப் பலாச் சந்தைச் செய்தியும் இருக்காது. 1918 நவம்பரில் புதுச்சேரியை விட்டு வெளியே வந்த பாரதியாரைக் கைது செய்து கடலூர்ச் சிறையில் வைத்தார்கள். அந்தச் சில வாரங்களில் இந்த ஊர் என்ன பேசிக்கொண்டது என்று ஒரு மாணவன் தன் கட்டுரையில் கேட்டிருந்தான். நல்ல கேள்வி. சொல்ல, அன்றைய உள்ளூர்ச் செய்தித்தாள் கட்டு ஒன்று நம்மிடம் இல்லை. நூறு வருடம் கழித்து இன்னொரு மாணவன் இந்த வருடத்தைப் பற்றிக் கேட்டால் அவனுக்காவது இருக்கட்டும்.

ஆகவே மாவட்ட நூலக ஆணைக்குழுவை நான் கேட்டுக்கொள்வது, கடலூரில் உள்ளூர் வரலாற்றுக்கென்று தனி அலமாரி, பள்ளி மாணவரும் உட்கார்ந்து பார்க்கும்படி. ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு, பழைய கெசட்டியர்கள், மக்கள்தொகைக் கணக்கெடுப்புக் கையேடுகள், கல்வெட்டுத் தொகுதிகள், கோட்டை ஆவண அச்சுப் பிரதிகள் அதில் இருக்கட்டும். அரிய பிரதி என்றால் பூட்டி வைப்பதில் தவறில்லை. அப்படியானால் நகல் ஒன்றை வெளியே வையுங்கள். பள்ளித் தலைமையாசிரியர்களையும் கேட்டுக்கொள்கிறேன். கட்டுரைப் போட்டி வைத்தால், படித்த நூலின் பெயரும் பக்க எண்ணும் எழுதினால் மதிப்பெண் உண்டு என்று அறிவியுங்கள். பிள்ளைகள் தாமாகவே நூலகத்தைத் தேடிப் போவார்கள்.

தங்களிடமும் ஒரு வேண்டுகோள் இருக்கிறது, ஆசிரியர் அவர்களே. தங்கள் நாளிதழின் கடலூர், புதுச்சேரிப் பக்கங்கள் தங்கள் அலுவலகத்தில் பழைய கட்டுகளாக இருக்கும். கூடுதல் பிரதி உள்ள வருடங்களைப் பைண்டு செய்து இரண்டு ஊர் நூலகங்களுக்கும் கொடுங்கள். பைண்டிங் செலவுக்கு என் ஓய்வூதியத்திலிருந்து என்னால் முடிந்ததைத் தருகிறேன். என் பழைய மாணவர்களிடமும் கேட்கிறேன். எந்த நூலகமாவது குறிப்புதவிப் பகுதியைப் பிள்ளைகளுக்குத் திறந்துவிட்டால், சனிக்கிழமை காலைகளில் நான் அங்கே வந்து உட்கார்ந்து, எதை எங்கே தேடுவது என்று சொல்லிக்கொடுக்கத் தயாராக இருக்கிறேன். டவுன் பஸ்ஸில் வந்துவிடுவேன். தகவல் மட்டும் தங்கள் அலுவலகம் மூலம் தெரிவித்தால் போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியை,
புதுப்பாளையம், கடலூர்.